சம்புவராயன் யாருக்குப் பாட்டன்?

தமிழ்நாட்டில் மன்னன் இல்லாத சாதி என்று இனி ஒன்று மிச்சமில்லை. ராசராச சோழனுக்கு மட்டும் எத்தனை பேரன்கள்! சதய விழாவுக்கு ஒட்டுகிற சுவரொட்டிகளைப் பார்த்தால் அந்த மனுசன் நாலைந்து சாதியில் ஒரே நேரத்தில் பிறந்திருக்க வேண்டும். பாண்டியனுக்கும் அதே கதி, பல்லவனுக்கும் அதே கதி. பேரரசர்களைப் பங்கு போட்டு முடித்தாகிவிட்டது. இப்போது குறுநில மன்னர்கள் பக்கம் வந்திருக்கிறார்கள்.

வட மாவட்டங்களில் அப்படி இழுபடுகிற குடும்பம் சம்புவராயர்கள். ஒரு பக்கம் வன்னியர் குல வரலாறு எழுதுகிறவர்கள். கல்வெட்டில் இவர்கள் பெயரோடு 'பள்ளி' என்ற சொல் வருகிறது. எங்கள் குலம் சம்பு முனிவரின் வேள்வித் தீயில் பிறந்தது. ஆகவே சம்புவராயன் எங்கள் பாட்டன் என்கிறார்கள். மறுபக்கம் நம்மவர்கள் சிலர். பறையரைச் சாம்பவர் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. சாம்பவனும் சம்புவனும் ஒன்றுதான். ஆகவே அவன் எங்கள் பாட்டன் என்கிறார்கள். ஒரே 'சம்பு'வுக்கு ரெண்டு வாரிசு. ரெண்டு பேரும் சிறுவெளியீடு போடுகிறார்கள். ரெண்டிலும் அதே கல்வெட்டு, அதே படம், அதே வாள்.

படிப்பு வட்டங்களுக்குப் போகும்போது விடுதி மாணவர்கள் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். "அண்ணே, அவனவன் பாட்டன் பேரச் சொல்லி மீசைய முறுக்குறான். நமக்கும் ஒரு ராசா இருந்தான்னு ஆதாரத்தோட எழுதிக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்குறோம்."

எழுதித் தர மாட்டேன். ஏன் மாட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

*

முதலில் அந்தக் குடும்பத்தையே பார்ப்போம். சம்புவராயர்கள் தொண்டை மண்டலத்துச் சிற்றரசர்கள். பிற்காலச் சோழர்களுக்குக் கீழே 12ஆம் நூற்றாண்டில் தலையெடுத்தார்கள். சோழ ஆட்சி நொடித்த பிறகு தாங்களே ராசாவானார்கள். படைவீடு அவர்கள் தலைநகர். 14ஆம் நூற்றாண்டில் வென்றுமண்கொண்டான், ராசநாராயணன் என்பவர்கள் தன்னரசாக ஆண்டார்கள். 1360களில் விசயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்து வந்து அந்த ஆட்சியை முடித்துவைத்தான். கம்பணனின் மனைவி கங்காதேவி எழுதிய மதுரா விசயம் இந்தப் போரைப் பாடுகிறது. அவ்வளவுதான் மேலோட்டமான கதை.

இதற்குக் கால்வழி எழுதுவது சிறுவெளியீடு போடுகிறவர்கள் நினைப்பதுபோல் சுலபமில்லை. செங்கேணி, அம்மையப்பன், மிண்டன், அத்திமல்லன் என்று பெயர்கள் வருகின்றன. அதற்கு முன்னால் எதிரிலிசோழன், குலோத்துங்கசோழன், வீரசோழன் என்று பட்டம் வருகிறது. பட்டம் எசமான் பெயர். மேலே சோழன் மாறினால் கீழே இவன் பட்டமும் மாறும். ரெண்டு கல்வெட்டில் வருவது ஒரே ஆளா, அண்ணன் தம்பியா, அப்பனும் மகனுமா என்று ஆய்வாளர்களே முட்டிக்கொள்கிறார்கள். சம்புவராயன் என்பதும் பட்டம்தான். பட்டத்தை வைத்துச் சாதி கண்டுபிடிப்பது, 'கலெக்டர்' என்ற சொல்லை வைத்து ஒரு ஆளின் ஊரைக் கண்டுபிடிப்பது மாதிரி. 'பள்ளி' என்று எழுதியிருக்கிறதே என்றால், இருக்கிறது. எண்ணூறு வருசத்துக்கு முந்தைய ஒரு சொல்லுக்கும் இன்றைய சாதிச் சான்றிதழுக்கும் நடுவே எத்தனை கலப்பு, எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம்! நடுவில் இருக்கும் இருபத்தைந்து முப்பது தலைமுறைக்கு எவனிடமும் ஆதாரம் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கால்வழிகளில் பெண் கிடையாது. அப்பன், மகன், பேரன், அவ்வளவுதான். ராசநாராயணன் காலத்தில் திருவொற்றியூர்க் கோயிலில் பெண்கள் கல்லில் வருகிறார்கள். கோயில் பணியில் இருந்த பெண் கூட்டத்தாருக்குள் யாருக்கு எந்த வேலை என்று வழக்கு வந்து, அதைத் தீர்த்து வெட்டியிருக்கிறார்கள். வேலைப் பிரிவினைக்குப் பெண் உண்டு, வம்சத்துக்குப் பெண் இல்லை. இந்த மரத்தில்தான் நம் கிளையையும் ஒட்டவைக்கச் சொல்கிறீர்களா?

*

இப்போது நிலத்துக்கு வருவோம். பிரபு வம்சம் என்பது ரத்தமில்லை, நிலம். நிலத்தைக் கழித்துவிட்டால் சம்புவராயனும் நம்மைப் போல ஒரு ஆள்தான்.

ஆர்ப்பாக்கம் என்று ஓர் ஊர், காஞ்சிபுரத்துக்குப் பக்கம். அங்கே ஒரு கல்வெட்டு. இரண்டாம் ராசாதிராசன் காலம், 1170ஐ ஒட்டி. பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டையில் இலங்கைப் படை புகுந்துவிட்டது. எதிரிலிசோழச் சம்புவராயனுக்குப் பயம். உமாபதிதேவர் என்ற சைவ ஆசாரியரிடம் ஓடுகிறான். அவர் 28 நாள் பூசை செய்கிறார். சோழப் படை ஜெயித்துவிட்டது என்று செய்தி வருகிறது. சம்புவராயன் மனம் குளிர்ந்து ஆர்ப்பாக்கத்தை இறையிலியாக அவருக்குக் கொடுத்துவிட்டான்.

28 நாள் பூசைக்கு ஓர் ஊர். இறையிலி என்றால் வரி இல்லை. வரிதான் இல்லையே தவிர விளைச்சல் உண்டு. அந்த விளைச்சலை விளைவித்தது யார்? உமாபதிதேவர் ஏர் பிடித்தாரா? இப்படி ஒரே ஆள் அனுபவிக்கக் கொடுத்த கொடைக்கு அந்தக் காலத்தில் ஏகபோகம் என்று பெயர். இன்றைக்கு 'ஏகபோக முதலாளித்துவம்' என்று கூட்டத்தில் பேசுகிறோமே, அந்தச் சொல் கோயில் சுவரில் எப்போதோ வெட்டியாகிவிட்டது.

குறுநில மன்னன் கையில் இருந்த உரிமை ரெண்டு மூன்று வகை. பாடிகாவல் என்று ஊரைக் காவல் காப்பதற்கு வசூல். வரியில் ஒரு பகுதியைக் கோயிலுக்கோ பார்ப்பனருக்கோ எழுதிவைக்கும் அதிகாரம். பக்கத்துத் தலைவனோடு சேர்ந்துகொள்ளும் அதிகாரம். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சம்புவராயரும் மற்ற தலைவர்களும் ஒருவருக்கொருவர் துணைநிற்போம், உன் எதிரிக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கல்லில் வெட்டிக்கொண்டார்கள். இதே 12, 13ஆம் நூற்றாண்டுகளில்தான் ஊர்ப் பொது நிலம் கரைந்து தனியார் கையில் பெரிய பெரிய நிலமாகச் சேர்ந்தது என்று கல்வெட்டுகளை எண்ணிப் பார்த்து ஜப்பானிய ஆய்வாளர் நொபோரு கராஷிமா சொன்னார். சம்புவராயர் தலையெடுத்ததும் நிலம் ஒரு சிலர் கையில் குவிந்ததும் ஒரே காலம். பிரபு முளைக்கிற இடத்தில் நிலம் குவியும். நிலம் குவிகிற இடத்தில் சேரி இறுகும்.

பார்ப்பனியக் கணக்கில் இந்தச் சிற்றரசர்களும் மேல்குலமில்லை என்பது உண்மைதான். கீழே இருந்து வந்தவர்கள் மேலே ஏறினார்கள். எப்படி ஏறினார்கள்? அடுத்தவன் உழைக்கிற நிலத்தை எழுதிக் கொடுத்து ஏறினார்கள். கொடை கொடுக்கக் கொடுக்கக் குலம் உயர்ந்தது. இன்றைக்கு இடைநிலைச் சாதி நம் முதுகில் கால்வைத்து ஏறுகிறதே, அந்த ஏணி புதிதாகச் செய்ததல்ல.

*

அந்த நிலத்தில் நாம் எங்கே இருந்தோம்? சம்புவராயர்களுக்கு நூற்றைம்பது வருசம் முந்தி, தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராசராசன் வெட்டிய கணக்கைப் பாருங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத இடம் எது எது என்று ஊர் ஊராகப் பட்டியல் இருக்கிறது. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, சுடுகாடு. அந்த வரிசையில் பறைச்சேரி. அந்த வரிசையில் தீண்டாச்சேரி. சில ஊர்களில் உழப்பறையர் இருக்கும் சேரி என்றே எழுதியிருக்கிறது. உழுகிற பறையர். யார் உழுதது என்ற கேள்விக்கு அவனே பதில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அதே கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்குப் பெயர் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். அத்தனையும் இருக்கிறது. நிலத்தை முந்திரி, கீழ்முந்திரி வரைக்கும் அளந்திருக்கிறார்கள். அந்த நூறு கலத்தையும் விளைவித்துக் கொடுத்த உழப்பறையருக்கு மட்டும் பெயர் இல்லை, தலைக்கணக்கு இல்லை. குளம் மாதிரி, சுடுகாடு மாதிரி, அவன் ஓர் இடம். 2019இல் இயக்குநர் பா. ரஞ்சித், ராசராசன் காலத்தில்தான் எங்கள் நிலம் பறிபோனது என்று திருப்பனந்தாளில் பேசினார். உடனே வழக்குப் போட்டார்கள். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் செத்தவனுக்கு மானநட்டம் உண்டு. அவன் சுவரில் பெயரில்லாமல் போனவனுக்கு எந்தக் கோர்ட்டும் இல்லை.

1201இல் ஒரு பஞ்சம். திருப்பாம்புரத்தில் ஒரு வெள்ளாளன் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றான். அது கல்லில் இருக்கிறது. ஏன் இருக்கிறது? வெள்ளாளன் விலைபோவது எழுதிவைக்க வேண்டிய சேதி. நம்மாளு நிலத்தோடு கிடந்தான். நிலம் கைமாறினால் அவனும் கைமாறினான். அதைத் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

*

ஆகவே தோழர்களே, கால்வழியை விடுங்கள். காணியின் வழியைப் பிடியுங்கள். அதற்கு ஆதாரம் உண்டு, அது நம் வீட்டு வாசல் வரைக்கும் வருகிறது.

கல்வெட்டில் காணி என்றால் பரம்பரையாக அனுபவிக்கும் உரிமை. காணியாட்சி. துலுக்கர் காலத்துச் சொல்லாக அதற்கு 'மிராசு' என்று பெயர் வந்தது. கும்பினிக்காரன் 1763இல் ஆற்காட்டு நவாபிடம் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக வாங்கினான். 1767இலிருந்து 1774 வரை பர்னார்டு என்ற வெள்ளைக்காரன் ஊர் ஊராக அளந்து யாருக்கு எவ்வளவு மேரை என்று எழுதினான். 1810களில் எல்லிஸ் துரை மிராசு பற்றி எழுதினார். திருக்குறளை மொழிபெயர்த்தார் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதே எல்லிஸ்தான். மிராசு என்பது காணியாட்சிதான் என்று விளக்கம் சொன்னவர் அவர். 1818, 1819இல் ரெவின்யூ போர்டு கலெக்டர்களிடம் அடிமைகளைப் பற்றி விவரம் கேட்டது. நிலத்தோடு பண்ணையாளும் படியாளும் விற்கப்படுவதை அந்தக் காகிதங்களில் நீங்களே படிக்கலாம். சம்புவராயன் கல்லில் எழுதாமல் விட்டதை வெள்ளைக்காரன் காகிதத்தில் எழுதினான். அவனுக்கு நம் மேல் பாசமில்லை, வரி வசூலில் அக்கறை.

1843இல் அடிமை முறையைச் சட்டம் கைவிட்டது. கைவிட்டு என்ன? நிலம் அதே கையில் இருந்தது. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை. சேரி மனையே மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிடுங்கு. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் இதையெல்லாம் 1891இல் அறிக்கையாக எழுதி அனுப்பினார். 1892இல் அரசாணை வந்தது. தரிசு நிலம் பஞ்சமருக்குத் தரப்பட்டது. பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று நிபந்தனை. மாகாணம் முழுக்கப் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் இன்றைக்கு நம் கையில் இருப்பது எவ்வளவு என்று உங்கள் ஊர்ச் சேரியில் நின்றுகொண்டு நீங்களே சொல்லுங்கள்.

ரெண்டு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி அச்சானது 1890. படைவீட்டுக் கல்வெட்டுகள் அந்தத் தொகுதியிலேயே உண்டு. பஞ்சமி நில அரசாணை 1892. ரெண்டும் ஒரே சர்க்கார் போட்டது. பிரபு எழுதிக் கொடுத்த நிலத்தின் கணக்கு கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, அதை வைத்து டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள். நமக்கு எழுதிக் கொடுத்த நிலத்தின் கணக்கைக் கேட்டால் தாசில்தார் ஆபீசில் "அந்த ரிஜிஸ்டர் செல்லரிச்சுப் போச்சு" என்கிறார்கள்.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994இல் செங்கல்பட்டுச் சீமையில் காரணை. பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கொடு என்று மக்கள் போனார்கள். அந்த மண்ணில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் செத்தார்கள். சம்புவராயன் ஆண்ட அதே தொண்டை மண்டலம் இது. எனக்கு ரெண்டு பெயர் சொல்லிப் பெருமைப்பட வேண்டும் என்றால் இந்த ரெண்டு பெயர் போதும். இவர்கள் ஊரை எழுதிக் கொடுத்தவர்கள் இல்லை. எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவர்கள்.

*

"எல்லாருக்கும் ராசா இருக்கான், நமக்கு மட்டும் இல்லைன்னா பொறக்கும்போதே அடிமைன்னு சொல்ல மாட்டானா?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. அடிமைத்தனம் பிறப்பில் வந்ததில்லை, அது ஒரு ஏற்பாடு என்று காட்டுவதற்குத்தான் நமக்கு வரலாறு வேண்டும். காணி எப்படிச் சேர்ந்தது, சேரி எப்படி ஒதுங்கியது என்று காட்டும்போது அது உடைகிறது. "எங்காளும் ராசா" என்று சொல்லும்போது அது உடைவதில்லை. ஆண்டவனுக்கு மதிப்பு, ஆளப்பட்டவனுக்கு இழிவு என்ற அவன் தராசிலேயே நாமும் ஏறி உட்காருகிறோம். நமக்கு ராசா கிடைத்துவிட்டால் ராசா கிடைக்காத அருந்ததியர், புதிரை வண்ணார், காட்டுநாயக்கர் எல்லாம் எங்கே போவார்கள்? அவர்களைக் கீழே தள்ளாமல் எந்தச் சாதியும் ஆண்ட பரம்பரை ஆக முடியாது.

அயோத்திதாசர் நம் பூர்வீகத்தைத் தேடவில்லையா? தேடினார். 1907இல் தொடங்கிய பத்திரிகையில் வாரா வாரம் தேடினார். அவர் தேடியது பௌத்தத்தை. சாதி வருவதற்கு முந்தைய ஓர் அறத்தைத் தேடினார். நந்தனை அவர் அரசன் என்று எழுதியபோதும், தில்லை வாசலில் கெஞ்சுகிற நந்தனை நம் தலையில் கட்டியதை எதிர்த்தே எழுதினார். இந்தப் பிரபுக்களின் தானசாசனத்தில் பங்கு கேட்டு எழுதவில்லை.

அம்பேத்கர் 'தீண்டப்படாதார்' புத்தகத்தை 1948இல் வெளியிட்டபோது யாருக்குக் காணிக்கையாக்கினார்? நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா. மூன்று பேரில் ஒருவருக்கும் கிரீடமில்லை. அதற்கு முன்னால் 1928இல் பம்பாய் சட்டசபையில் அவர் கொண்டுவந்த வதன் மசோதாவை நம் மாணவர்கள் அதிகம் படிப்பதில்லை. மகர்களுக்குப் பரம்பரை மானியமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. அந்த நிலத்தைக் காட்டியே ராத்திரி பகல் ஊர்வேலை வாங்கினார்கள். பரம்பரை உரிமை என்று மகர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டது அவர்களைக் கட்டிய சங்கிலி என்று அம்பேத்கர் கண்டார். சங்கிலியை அறுத்து நிலத்தை மட்டும் கேட்டார். பரம்பரைப் பெருமை என்று ஒன்று கண்ணில் பட்டால் அவர் மாதிரித் தொட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும்.

*

மாணவர்களுக்கு வேலை சொல்கிறேன். கல்வெட்டுத் தொகுதிகளைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கும்போது யார் கொடுத்தான் என்பதைத் தாண்டி, எல்லைக் கல் எங்கே, சேரி எந்தத் திசையில், யார் உழுதது என்று படியுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டிரமென்ஹீர் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அப்புறம் சொந்த ஊருக்குப் போங்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் டி.சி. நிலம் என்று எழுதியிருக்கும் சர்வே எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். 1979இலிருந்து 1987 வரை நடந்த யுடிஆர் பதிவில் அதே எண்ணுக்கு எதிரே யார் பெயர் ஏறியிருக்கிறது என்று அ பதிவேட்டில் பாருங்கள். வில்லங்கச் சான்று போடுங்கள். எந்த வருசம், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று அம்பு போட்டு எழுதுங்கள். தரமாட்டேன் என்றால் 2005ஆம் வருசத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் மனு. அந்த நோட்டில் வருவதும் ஒரு வம்சாவளிதான். சேரிக் கிழவிகளைக் கேட்டால் அதில் விட்டுப்போன பெயர்களையும் சொல்வார்கள். எந்த வருசம் யார் கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினான் என்பது அவர்களுக்கு மறந்திருக்காது.

சம்புவராயன் எவனுக்கு வேணும்னாலும் பாட்டனா இருந்துட்டுப் போகட்டும். அவன் எழுதிக் குடுத்த ஊர்ல இன்னிக்கு நம்ம பேர்ல எத்தன சென்ட் இருக்குன்னு முதல்ல பாப்போம்.